மனேஜரைப் பற்றி ஒரு முறைப்பாடு

பன்னிரண்டு வருடம் பொயிலருக்குப் பக்கத்தில் நின்ற தர்மசீலனை, ஏழு மாதத்துக்கு முன் நீலக்குடா லோண்டரியின் மனேஜர் ஆக்கினார்கள். பழைய மனேஜர் கட்டாருக்குப் போய்விட்டார், அவசரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். ஆனால் தர்மசீலனுக்கு அது போதவில்லை. தன்னிடம் தலைமைத்துவப் பண்பு ஏதோ ஒன்று இருந்திருக்கவேண்டும், அதை முதலாளி கண்டுபிடித்திருக்கவேண்டும் என்று நம்பினார். அந்தப் பண்பு எதுவென்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

லோண்டரி ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய களஞ்சியத்தில் நடந்தது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் விரிப்புகளும் துவாய்களும், துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களின் உடுப்பு மூட்டைகளும் அங்கே வந்து, துவைத்து, உலர்ந்து, அயன் பண்ணி, மடித்து, வான் வண்டியில் ஏறித் திரும்பிப் போயின. வேலைக்குப் பதினொரு பேர். முதலாளி லாபிர் ஹாஜியார் கிண்ணியாவில் இருந்தார். அவருக்கு அரிசி ஆலையும் இருந்ததால் மாதத்தில் இரண்டு தரம்தான் லோண்டரிப் பக்கம் வருவார்.

மனேஜர் ஆனதும் ஹாஜியார் தர்மசீலனைக் கொழும்புக்கு இரண்டு நாள் செயலமர்வு ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். குளிரூட்டிய மண்டபம், கழுத்தில் பெயர் அட்டை, பத்து மணிக்குப் பற்றிஸும் தேத்தண்ணியும். பேச வந்தவர், "நல்ல தலைவன் கதைக்கிறவன் இல்லை, கேட்கிறவன்" என்றார். தர்மசீலன் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துக்கொண்டு வந்தார். வந்த மறுநாளே பதினொரு பேரையும் வரிசையில் நிறுத்தி, கேட்பது எவ்வளவு முக்கியம் என்று நாற்பது நிமிடம் கதைத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு நின்றபடியே ஒரு கூட்டம். பத்து நிமிடம் என்று சொல்லித்தான் தொடங்குவார். அரை மணிக்கு முன் ஒருநாளும் முடிந்ததில்லை. "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கடைசியில் கேட்பார். யாரும் வாய் திறக்காதபோது, "இருக்காது எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிப்போட்டன்" என்று தானே முடித்துவைப்பார். இப்போது இதைச் சொல்லும்போது தர்மசீலன் முகத்தை ஒரு கையால் மூடிக்கொள்வார். அப்போது மூடவில்லை.

கருத்துப் பெட்டியும் கொழும்பில் பிடித்த யோசனைதான். அன்புவழிபுரத்துத் தச்சர் ஒருவரைக் கொண்டு பலகையில் பெட்டி செய்வித்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, சின்னப் பூட்டொன்றும் போட்டு, கைகழுவும் இடத்துக்கு மேலே அறைந்தார். "பெயர் எழுதத் தேவையில்லை. பயப்படத் தேவையில்லை. திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால திறப்பன்" என்று அறிவித்தார்.

முதல் திங்கள் பெட்டிக்குள் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது. இரண்டாம் திங்கள் ஒரு தொபி இனிப்புச் சுற்றிய தாள். மூன்றாம் திங்கள் ஒன்றுமே இல்லை. தொபி தின்றவருக்குக்கூட அலுத்துவிட்டது. மாத முடிவில் ஹாஜியார் வந்து, பெட்டி எப்படிப் போகுது என்று கேட்டால் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையடியில் குந்தியிருந்து தர்மசீலன் ஒரு முடிவுக்கு வந்தார். முதல் இரண்டு கடதாசித் துண்டையும் தானே எழுதிப் போடுவது. ஒரு தொடக்கம் வேண்டும், பிறகு அது தானாக ஓடும், பொயிலரும் அப்படித்தானே.

கையெழுத்து பிடிபடக்கூடாது என்று இடக்கையால் எழுதினார். முதல் துண்டில், அயன் அறைக்கு இன்னொரு மின்விசிறி வேண்டும் என்று எழுதினார். அது அவர் ஏற்கெனவே வாங்க நினைத்திருந்த மின்விசிறி. பிறகு, இதை மட்டும் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. தன்னைப் பற்றியும் ஒரு முறைப்பாடு வேண்டும். பெரிதாக வேண்டாம், சின்னக் குறையாக, மனேஜர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளக்கூடிய குறையாக இருக்கவேண்டும். அரை மணி நேரம் யோசித்தார். தன்னில் ஒரு குறையும் அவருக்குத் தென்படவில்லை.

"என்னில ஏதாவது குறை இருக்கோ?" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

மனைவி பிரியதர்சினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "சின்னதா, பெரிசா?"

"சின்னதா."

"ஒண்டைக் கேப்பீங்கள். மற்ற ஆள் வாயைத் திறக்க முதல் நீங்களே பதிலையும் சொல்லுவீங்கள்."

"அப்பிடியெல்லாம் இல்லை. நீர் என்ன சொல்ல வாறீர் எண்டா, நான் கெதியா விளங்கிக்கொள்ளுறன் எண்டு."

பிரியதர்சினி வெங்காயம் முடிந்து மிளகாய்க்குப் போய்விட்டாள். ஆனால் அந்த வசனம் தர்மசீலனுக்குப் பிடித்திருந்தது. உண்மை என்பதற்காக அல்ல, கொஞ்சம் பகிடியாகவும் இருந்தது என்பதற்காக. இடக்கையால் எழுதினார்: "மனேஜர் கேல்வி கேட்கிறார். நாங்கள் வாய் திறக்க முன் தானே பதில் சொல்கிறார்." கேள்வியில் பிழையை வேண்டுமென்றே விட்டார். தொழிலாளி எழுதியது போல இருக்கவேண்டும் அல்லவா.

திங்கள் காலை எல்லோருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து, இரண்டு துண்டு இருப்பதைக் கண்டு வியந்தார். வியப்பை வீட்டுக் கண்ணாடிக்கு முன் இரண்டு தரம் பழகியிருந்தார். மின்விசிறித் துண்டை வாசித்தபோது யாரும் அசையவில்லை. இரண்டாவதை வாசித்து முடித்ததும் பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு, பெரிய உருளை மிசினில் வேலைசெய்யும் மைமூனா சொன்னாள்:

"அது சரிதான்."

மைமூனா மூதூர்க்காரி. ஐம்பது வயது இருக்கும், லோண்டரி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருக்கிறாள், தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கமாட்டாள். அவள் சொன்னதும் வரிசை முழுதும் தலையை ஆட்டியது.

"அப்பிடியோ?" என்றார் தர்மசீலன். "நான் உண்மையிலயே அப்பிடிச் செய்யிறனானோ? இல்லை, ஏதோ ஒருநாள் அவசரத்தில நடந்திருக்கும், அதைத்தான்..."

பதினொரு பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆனாலும் சந்தோசமாக இருந்தது. ஏழு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் யாரும் சிரித்ததில்லை. சந்தோசத்தில் அவர் செய்த வேலைதான் பிறகு வினையானது. இரண்டு துண்டையும் படம் பிடித்து, "ஹாஜியார், பெட்டி வேலை செய்யத் தொடங்கிவிட்டது, ஆட்கள் மனந்திறக்கிறார்கள்" என்று எழுதி லாபிர் ஹாஜியாரின் போனுக்கு அனுப்பினார். மறுமொழி வரவில்லை. மெச்சச் சொற்கள் தேடுகிறார் என்று தர்மசீலன் எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கள் பெட்டியைத் திறந்தபோது துண்டுகள் கையை மீறிக் கீழே விழுந்தன. எண்ணிப் பார்த்தார், பத்து. இந்தத் தரம் வியப்பதற்குப் பழக்கம் தேவைப்படவில்லை.

முதலாவதை உரத்து வாசித்தார். "கூட்டம் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்." சரி. இரண்டாவது: "பின்னால் வந்து நின்றுகொண்டு, நான் பின்னால் நிற்கவில்லை, நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லவேண்டாம்." மூன்றாவது: "கோபம் வந்தால் சொல்லிவிடுங்கள். விசிலடிக்க வேண்டாம். பயமாக இருக்கிறது." தான் விசிலடிப்பது தர்மசீலனுக்கே அன்றைக்குத்தான் தெரியும். நாலாவதிலிருந்து குரல் இறங்கியது. ஆறாவது, ஏழாவதை வாய்க்குள் வாசித்தார். எட்டாவது நீலப் பேனையால், நேர்த்தியான எழுத்தில், தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. அதில் மட்டும்தான் கீழே பெயர் இருந்தது. மைமூனா.

அதை உரத்து வாசிக்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். இப்படி இருந்தது:

"பெரிய மிசினின் நிறுத்தும் பட்டி நாலு மாதமாக வேலை செய்யவில்லை. அதனால்தான் கமலாதேவி எந்நேரமும் சுவரிலுள்ள சுவிச்சடியில் நின்றவ. நீங்கள் அவ சும்மா நிற்கிறா என்று இரண்டு கிழமைக்கு முன் மடிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டீர்கள். சனிக்கிழமை என் சட்டைக் கை நுனி விரிப்போடு சேர்ந்து இழுபட்டது. கிழிந்தபடியால் தப்பினேன். உங்களிடம் வாயால் சொல்ல மூன்று தரம் தொடங்கினேன். முடிக்க விடவில்லை."

உருளை மிசின் என்பது லோண்டரியின் பெரிய தெய்வம். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால், சூடான உருளைகள் இழுத்து நசித்து மறுபக்கம் தாள் போல வெளியே விடும். கொடுக்கிற கை உள்ளே போனால் தட்டி நிறுத்துவதற்காக முன்னால் குறுக்கே ஒரு இரும்புப் பட்டி இருக்கிறது. தர்மசீலன் போய் மிசினை ஓடவிட்டார். பட்டியை அமத்தினார். உருளை சுற்றியது. இரண்டு கையாலும் அமத்தினார். உருளை சுற்றியது. சுவரிலிருந்த சுவிச்சுக்கு நடந்துபோய் நிறுத்தினார். எட்டு அடி. எட்டு அடி நடந்து முடிக்க முதல் ஒரு கை எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று அவர் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. மனம் தானாகப் பார்த்தது.

மூன்று தரமும் அவருக்கு ஞாபகம் வந்தது. முதல் தரம் மைமூனா, "சேர், பெரிய மிசின்ல..." என்றதும், "சூடு கூடத்தானே, எனக்குத் தெரியும்" என்று பொயிலரைக் குறைப்பித்தார். அடுத்த தரம் அவள், "சேர், அந்தப் பட்டி..." என்றாள். அவளுடைய ஏப்ரன் பட்டி அறுந்துவிட்டதென்று நினைத்து மத்தியானத்துக்குள் புது ஏப்ரன் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குத் தன் வேகத்தைத் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. மூன்றாம் தரம், "கை ஒருநாளைக்கு..." என்றாள். கை நோவென்று ஒரு தைலப் போத்தல். ஆக, நாலு மாதத்தில் மைமூனாவுக்கு மூன்று உதவி செய்திருக்கிறார். கேட்காத மூன்றும்.

கமலாதேவியை மேசைக்கு அனுப்பியதைப் பற்றி, ஆள் வளத்தைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு காலைக் கூட்டம் முழுக்கக் கதைத்தவரும் இவர்தான். அன்றைக்கு அவர் அவர்களுக்கு முன்னால் நின்று பெருமையாகக் கைகளை வீசியிருந்தார். அந்தக் கைகளை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இந்த மிசின் இண்டைக்கு ஓடாது" என்றார். "திருத்தும் மட்டும் ஓடாது."

"நாளைக்கு நிலாவெளிக்கு எண்ணூறு பெட்சீட் குடுக்கோணும், சேர்" என்றாள் காரியாலயத்தில் இருக்கும் சுதர்சிகா.

"தெரியும்..." என்று தொடங்கியவர், அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் லாபிர் ஹாஜியாரின் வாகனம் வந்து நின்றது. மாத முடிவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு தாள். உள்ளே வந்து மிசின் ஓடாமல் கிடப்பதைப் பார்த்தார், பதினொரு பேரும் வேலை செய்யாமல் நிற்பதைப் பார்த்தார். பிறகு தாளை விரித்தார். தர்மசீலன் அனுப்பிய படத்தைத்தான் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இதை யார் எழுதின?"

தர்மசீலன் தாளைப் பார்க்காமல் சொன்னார். "ஹாஜியார், அது பெயர் இல்லாமல் எழுதுறதுதான்..."

"தம்பி, நான் முப்பது வருசமா ஆக்களை வச்சு வேலை வாங்கிறன். இண்டைக்கு மனேஜரைப் பத்தி எழுதுவான். நாளைக்கு என்னைப் பத்தி எழுதுவான். முளையிலயே தெரிஞ்சுகொள்ளணும்." சுதர்சிகாவின் மேசைக்குப் போய் அங்கே கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். லோண்டரியில் எல்லோரும் ஏதாவதொரு புத்தகத்தில் எழுதித்தான் ஆகவேண்டும். வான் சாரதி முனீப்பின் விநியோகப் புத்தகத்தில் அவருடைய விரல் நின்றது. அதிலும், துண்டில் போலவே, எழுத்துகள் எல்லாம் இடப் பக்கம் சாய்ந்திருந்தன. முனீப் பிறவியிலேயே இடக்கைக்காரன்.

"முனீப், இங்க வா. இது உன்ட எழுத்துத்தானே?"

முனீப் முப்பத்திரண்டு வயதுக்காரன், கிண்ணியாவில் ஹாஜியாரின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு.  "நான் எழுதல்ல, ஹாஜியார்."

"எழுத்தைப் பாத்தா தெரியாதா? வான் திறப்பை மேசையில வை."

இந்த இடத்தில் தர்மசீலன் உடனே முன்னுக்கு வந்து உண்மையைச் சொன்னார் என்று கதை சொன்னால் நன்றாக இருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. துவைக்கும் மிசின் ஒன்று கடைசிச் சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடியும் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியதெல்லாம் பதினொரு பேரின் முகமும், இடக்கையால் எழுதுவதற்கு அவர் மேசையடியில் குந்தியிருந்த கோலமும்தான். முனீப் சாவி வளையத்தோடு திறப்பை எடுத்து மேசையில் வைத்தான். அது வைத்த சத்தம் சின்னச் சத்தம்தான்.

"ஹாஜியார், அதை நான்தான் எழுதினனான்" என்றார் தர்மசீலன்.

"எதை?"

"அந்த முறைப்பாட்டை. என்னைப் பற்றி. நான்தான்."

ஹாஜியார் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, ஆளைக் காப்பாத்திறது நல்ல குணந்தான். அதுக்காகப் பொய் சொல்லாதீங்க. எந்த மனேஜர் தன்னைப் பத்தித் தானே முறைப்பாடு எழுதுவான்?"

தர்மசீலன் கடைசியில், நம்பவைப்பதற்காக, சுதர்சிகாவின் கதிரையில் உட்கார்ந்து, இடக்கையில் பேனையைப் பிடித்து, பதினொரு பேரும் ஹாஜியாரும் சுற்றி நின்று பார்க்க, அந்த வசனத்தைத் திரும்ப எழுதினார். நாக்கு நுனி வெளியே தள்ளியது. அவருக்கு வயது நாற்பத்தாறு. பாலர் வகுப்பில்கூட இத்தனை பேர் அவர் எழுதுவதைப் பார்த்ததில்லை.

ஹாஜியார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து ஒன்றுதான். "இதில கேல்வி எண்டு பிழையாக் கிடக்கு. இப்ப எழுதினதில சரியா இருக்கு."

"அது... வேணுமெண்டுதான் பிழை விட்டனான்."

"ஏன்?"

தர்மசீலன் குனிந்தபடியே சொன்னார். "வேலை செய்யிற ஆக்கள் எழுதினது மாதிரி இருக்கட்டும் எண்டு."

 பிறகு மைமூனா மேசையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக நேராக்கி அடுக்கினாள்.

"சேர், பத்துப் பேர் எழுதிப் போட்டிரிக்கிறம். வாசிச்சுப் பாருங்க. ஒருத்தரும் பிழை விடல்ல."

கூட்டத்தில் யாரும் அவரைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மைமூனா திட்டவில்லை. இருப்பதை இருந்தபடி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஹாஜியாரின் பக்கம் திரும்பி, அந்தப் பட்டியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். நாலு மாதம், கமலாதேவி, சனிக்கிழமை, சட்டைக் கை. மெதுவாகத்தான் சொன்னாள். இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். இரண்டு இடத்திலும் தர்மசீலனின் வாய் தானாகத் திறந்தது. இரண்டு தரமும் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் சொல்லி முடித்தபோது அவருக்கு ஒன்று விளங்கியது: அவள் சொன்னது இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நாலு மாதமாக அவர் மிச்சம் பிடித்திருக்கிறார்.

ஹாஜியார் மிசினை ஓடவிடச் சொன்னார். பட்டியைத் தானே அமத்திப் பார்த்தார். பிறகு ஒரு துவாயை எடுத்து நுனியை உருளையில் கொடுத்து, மற்றக் கையால் பட்டியை இறுக்கி அமத்திக்கொண்டு நின்றார். துவாய் அவசரமில்லாமல் உள்ளே போனது. மறுபக்கம் தட்டையாக வந்தது. ஹாஜியார் கையை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டெக்னீசனுக்குப் போன் அடிங்க" என்றார்.

"கொழும்பில இருந்துதான் வரோணும், ஒரு கிழமை சொல்லுவாங்கள்" என்றாள் சுதர்சிகா.

"ஹோட்டல்காரன் கத்துவான்" என்று ஹாஜியார் பொதுவில் சொன்னார். பிறகு தர்மசீலனைப் பார்த்தார். "பட்டியைப் பாக்காம அந்தப் பிள்ளையை மேசைக்கு அனுப்பினது நீங்களா?"

"ஓம்."

"இனி அந்த மிசின் மைமூனா சொன்னாத்தான் ஓடணும். அவ நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டணும். நான் சொன்னாலும் சரி, நீங்க சொன்னாலும் சரி." வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்தச் செயலமர்வுக்கு நான் வேற ஆளை அனுப்பியிருக்கலாம்."

முனீப்பிடம் ஹாஜியார் மன்னிப்புக் கேட்கவில்லை. மேசையிலிருந்த திறப்பை எடுத்து அவன் கையில் வைத்து, மகனுக்குக் காய்ச்சல் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் தர்மசீலன்தான். எல்லோரையும் பார்த்து நின்றுகொண்டு, "நான் உங்கள் எல்லாருக்கும் ஒண்டு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறன். முதலாவதாக..." என்று தொடங்கினார்.

"சேர்," என்றாள் மைமூனா, "சீட் எண்ணூறு கிடக்கு."

"பிழை என்னுடையது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று முடித்தார். அவர் அந்த லோண்டரியில் செய்த மிகச் சிறிய பேச்சு அதுதான்.

அன்று முழுக்கக் கை அயனால்தான் வேலை. கமலாதேவி எங்கேயோ கிடந்த பழைய அயன் மேசைகள் மூன்றைத் தூசி தட்டி இழுத்து வந்தாள். மைமூனா யார் எங்கே நிற்பது என்று விரலால் காட்டினாள். தர்மசீலனும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு அயனைப் பிடித்தார். முதல் தலையணை உறையில் மண்ணிறத்தில் ஒரு முக்கோணம் விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மைமூனா வந்து பார்த்தாள். அயனை அவர் கையிலிருந்து வாங்கி, தாடையால் பொயிலர்ப் பக்கம் காட்டினாள்.

பொயிலரில் நின்றபோது ஆறுதலாக இருந்தது. முள் எந்த இடத்தில் நிற்கவேண்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படவேண்டும், எந்தச் சத்தத்தை விட்டுவிடலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமும் அவர் அந்தப் பொயிலர் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். அது ஒருநாளும் தன் வசனத்தை அவர் முடிக்க விட்டதில்லை. முந்திக்கொண்டு கையை வைத்திருந்தால் கை வெந்திருக்கும்.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு ஐந்நூறு விரிப்புத்தான் தயாராக இருந்தது. நேரமும் மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. "ஹோட்டலுக்கு நானே போய்ச் சொல்லுறன்" என்று தர்மசீலன் வானில் முனீப்புக்குப் பக்கத்தில் ஏறினார். உட்துறைமுக வீதியில், ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு ஆறுதலாக வீதியைக் கடந்தன. முனீப் வானை நிறுத்திக் காத்திருந்தான். வான் உப்புவெளியைத் தாண்டியது.

"முனீப்," என்றார் தர்மசீலன், "நேற்று நான் உடன சொல்லியிருக்கோணும். நீர் திறப்பை வைக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். இரவு முழுக்க எனக்கு அதே யோசனைதான்."

முனீப் வீதியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் ஓட்டினான். தர்மசீலன் காத்திருந்தார். காத்திருப்பது லேசான வேலை இல்லை. அவனுக்குப் பதிலாகச் சொல்லக்கூடிய நாலு பதில் அவருக்குள் வரிசையாக வந்து நின்றன.

"பயந்துதான் போனன், சீலன் அண்ணன்" என்றான் முனீப். சேர் என்று சொல்லாததை இரண்டு பேருமே கவனித்தார்கள். இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை. "வேலை போனா வீட்டுல என்ன சொல்றது எண்டு நினைச்சன். ஆனா ஒரு விசயம் சொல்லட்டா? பத்துப் பேர் துண்டு எழுதிப் போட்டாங்க. நான் மட்டும் எழுதல்ல. பேனையை எடுத்தன், பயத்தில வச்சிட்டன். அது ஒருத்தருக்கும் தெரியா."

"ம்."

"ஹாஜியார் என்ட புத்தகத்தைத் தூக்கிக் காட்டக்குள்ள எல்லாரும் என்னைப் பாத்தாங்க. மைமூனா ராத்தாவும் பாத்தா. இவனா முதல் முதல் எழுதின ஆள், இவனுக்கு இவ்வளவு தைரியமா எண்டு. என்னை அப்பிடி ஒருத்தரும் பாத்ததில்ல, அண்ணன். வீட்டுலயும் இல்ல." அவன் கியரை மாற்றினான். "நீங்க இன்னும் கொஞ்சம் பிந்திச் சொல்லியிருக்கலாம்."

தர்மசீலனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முனீப்பும் சிரிக்கத் தொடங்கினான். ஹோட்டலின் பின்வாசலில் வானை நிறுத்தும்போது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற பெண்மணிக்கு, அது மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தவர்களின் முகமாகத் தெரியவில்லை.

"எண்ணூறு எங்கே?" என்று கேட்டாள்.

"ஐந்நூறு இருக்கு. மிச்சம் நாளைக்குப் பின்னேரம். மிசின் பழுது, எல்லாம் கை அயன். மடிப்பும் உங்களுக்குப் பிடிக்காது" என்றார் தர்மசீலன். 

அவள் ஏசினாள். நன்றாகவே ஏசினாள், மூச்சு வாங்க நிறுத்தி, திரும்பவும் ஏசினாள். தர்மசீலன் கடைசிச் சொல் வரைக்கும் நின்று கேட்டார். பிறகு முனீப் வானின் பின்கதவைத் திறந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.